ஐந்து பாட்டில்களும் ஒரு ரப்பர் சீலும்

மைசூரில் நான் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஆய்வகத்துக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு புதிய இயந்திரம் வந்தது. கிருமியில் ஒரு துளி எடுத்து வைத்தால் சில நிமிடங்களில் அதன் முழுப் பெயரைத் திரையில் காட்டிவிடும். அதைப் பார்க்க வரும்படி என்னை அழைத்தார்கள். போனேன். அங்கே இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, "இது இல்லாம நீங்கள்லாம் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். நிறத்தைப் பார்ப்போம், வாசனையை முகர்வோம் என்றேன். சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் இன்னொன்று கேட்டாள்.

"பாட்டில்ல வளர்ந்தது நோயாளி ரத்தத்துல நிஜமா இருந்த கிருமியா, இல்ல ரத்தம் எடுக்கும்போது வெளியில இருந்து ஒட்டிக்கிட்டதான்னு எப்படி சார் முடிவு பண்ணுவீங்க?"

"அனுபவம்தாம்மா" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பதில் என்னை உறுத்தியது. அவள் கேட்டதற்கு உண்மையான பதில் என்னிடம் இருக்கிறது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் ஊர்த் தமிழர்கள் நடத்தும் இந்த இதழில் ஓய்வுபெற்றவர்கள் தங்கள் வேலை அனுபவங்களை எழுதுவது வழக்கம். பெரும்பாலும் பெருமையாக எழுதுவார்கள். என்னிடம் அப்படி எழுத எதுவும் இல்லை.

என் பெயர் தங்கவேல். கொள்ளேகாலத்தில் பிறந்தவன். கோவையில் விடுதியில் தங்கி நுண்ணுயிரியல் படித்தேன். மைசூரில் ஆய்வகப் பயிற்சி. இருபத்தேழு வயதில் அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தலைமைத் தொழில்நுட்பராக ஓய்வு பெற்றேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். மற்றதெல்லாம் டாக்டர் வசுந்தரா மேடத்திடம் கற்றது.

மேடம்தான் எங்கள் துறைத் தலைவர். காலை எட்டே முக்காலுக்கு உள்ளே வருவார். கையில் இருக்கும் இரண்டு வளையல்களையும் கழற்றி, பயன்படுத்தாத கண்ணாடித் தட்டு ஒன்றில் போட்டு மேசை இழுப்பறையில் வைப்பார். கை கழுவுவார். பிறகு முந்தைய நாள் கிருமி வளர்க்க வைத்த தட்டுகளை நான் வரிசையாக அடுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். அவசரமே இருக்காது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கடைசித் தட்டை வைத்த பிறகு என்னைப் பார்த்துக் கன்னடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"தங்கவேலு அவ்ரே, இன்னிக்கு இதுல எந்தத் தட்டு உங்களுக்குப் பிடிக்கலை?"

முதல் வருடம் இந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது மேடம் என்பேன். "சரியா இருக்கான்னு நான் கேக்கலை" என்பார். பிறகுதான் புரிந்தது. விதிகளின்படி எல்லாம் சரியாக இருந்தும், ஏதோ ஒன்று மனதில் நெருடும் தட்டு ஒன்று இருக்கும். அதைத்தான் அவர் கேட்கிறார். அந்தத் தட்டை மட்டும் எறிய விடமாட்டார். "இது இருக்கட்டும்" என்று தனியே எடுத்து வைக்கச் சொல்வார். பாதிக்கு மேல் ஒன்றும் இல்லாமல் போகும். மீதியில் ஏதாவது இருக்கும்.

ரத்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், ரத்தம் எடுத்து, கிருமி வளர்வதற்கான திரவம் உள்ள பாட்டிலில் விட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் வளரும். வளர்ந்ததும் நுண்ணோக்கியில் பார்த்து, தட்டில் தடவி வளர்த்து, என்ன கிருமி, எந்த மருந்துக்கு அது சாகும் என்று சொல்ல வேண்டியது எங்கள் வேலை. ஒரே நேரத்தில் இரண்டு கைகளிலிருந்து இரண்டு பாட்டில் எடுக்க வேண்டும் என்பது முறை. இரண்டிலும் ஒன்றே வளர்ந்தால் நிஜம். ஒன்றில் மட்டும் வளர்ந்தால் தோலிலிருந்தோ பஞ்சிலிருந்தோ ஒட்டிக்கொண்டதாக இருக்கலாம். எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எப்போதும் ஒரே பாட்டில்தான் வரும். இரண்டு எடுங்கள் என்று மேடம் பல கடிதங்கள் எழுதியிருந்தார். அங்கே ஆள் பற்றாக்குறை. நடக்கவில்லை.

ஒரு முறை, ஒரே வாரத்தில் மூன்று பேர் ரத்தத்தில் ஒரு கிருமி இருப்பதாக நான் அறிக்கை அனுப்பினேன். உண்மையில் அது எங்கள் ஆய்வகத்தில் திரவம் உறிஞ்சும் சொட்டுக் குழாயிலேயே இருந்த கிருமி. மூன்று பேருக்கும் தேவையில்லாமல் கடுமையான மருந்து ஏற்றினார்கள். ஒருவருக்கு அதனால் சிறுநீரகம் கெட்டுச் சில நாள் டயாலிசிஸ் வரை போனது. தலைமை மருத்துவர் என்னை எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்து, "பாட்டிலுக்கு வைத்தியம் பாக்க வச்சிட்டீங்களே" என்றார். அவமானத்தில் கூசிப்போனேன்.

அடுத்த வாரம் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்கடையில் ரப்பர் சீல் ஒன்று செய்து வாங்கினேன். 'வெளியிலிருந்து கலந்த கிருமியாக இருக்கலாம். நோயாளியின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஊதா மை. சந்தேகம் உள்ள அறிக்கையில் அதைக் குத்திவிடுவேன். அது குத்தப்பட்ட கிருமிக்கு மருந்துப் பரிசோதனை செய்வதில்லை. தட்டையும் மறுநாளே கொதிநீராவியில் அழித்துவிடுவோம். மேடத்துக்கு அந்தச் சீல் பிடிக்கவில்லை. "எழுதினா கை யோசிக்கும். குத்தினா யோசிக்காது" என்றார். ஆனால் தடுக்கவும் இல்லை. நாளடைவில், ஊதா மை இருந்தால் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டியதில்லை என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோருக்கும் பழகிவிட்டது. எனக்கும் அது தெரியும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மேடம் கண் அறுவை சிகிச்சைக்காக மூன்று வாரம் விடுப்பில் போனார். பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் வாரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த பாட்டில் ஒன்றில் கிருமி வளர்ந்தது. சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இளஞ்சிவப்புக் குச்சிகள். தட்டில் மெல்ல வளர்ந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் வகை. மனித ரத்தத்தில் சாதாரணமாக இருக்காது. குழாய்த் தண்ணீர் பட்டிருக்கும் என்று நினைத்தேன். சீல் குத்தினேன். நான்கு நாளில் இரண்டாவது வந்தது, வேறு நோயாளி. சீல். அடுத்த வாரம் இரண்டு. சீல், சீல்.

நெருடவில்லை என்று சொல்லமாட்டேன். நான்காவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனது நினைவிருக்கிறது. எந்தத் தட்டு பிடிக்கலை என்று கேட்க ஆள் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தானாகச் சொல்ல எனக்குத் துணிவு இல்லை. மறுபடி பாட்டிலுக்கு வைத்தியம் பார்க்க வைத்தவன் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அப்போது மனதில் இருந்தது. ஒரே கிருமி ஒரு மாதத்தில் மூன்று பேருக்கு வந்தால் தட்டை எறியக் கூடாது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே போன் செய்ய வேண்டும் என்பது மேடத்தின் விதி. சுவரில் அவர் கையெழுத்தில் ஒட்டியிருந்தது. அதன் கீழே நின்றுதான் எறிந்தேன்.

ஐந்தாவது பாட்டில் பழனியம்மாளுடையது.

அவர் ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர். நாற்பத்தி மூன்று வயது. நுரையீரலில் சளி கட்டி, மூச்சு முட்டி, கொள்ளேகாலத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர். வென்டிலேட்டரில் ஒன்பது நாள் இருந்து தேறிவிட்டார். குழாயை எடுத்துவிட்டார்கள். கழுத்து நரம்பில் மருந்து ஏற்றும் குழாய் மட்டும் இருந்தது. இரண்டு நாளில் பொது வார்டுக்கு மாற்றுவதாக இருந்தார்கள். அப்போதுதான் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. ரத்தம் அனுப்பினார்கள். வளர்ந்தது. சீல் குத்தினேன்.

மறுநாள் மதியம் தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பழனியம்மாளின் கணவரிடம் பேச ஆள் வேண்டும். அவருக்குச் சந்தைக்குப் போதுமான கன்னடம் தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போதுமானது தெரியாது. இப்படி அழைப்பது வழக்கம்தான். ஹனூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் வாய்.

வெளி வராந்தாவில் சின்னசாமி நின்றிருந்தார். மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிற விவசாயி. தோளில் துண்டு. பக்கத்தில் மகள் கலா, மைசூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிப்பவள். முதல் நாளே சின்னசாமியோடு பேசியிருக்கிறேன். நம்ம பேச்சு பேசுறீங்களே என்று அப்போதே என் கையைப் பிடித்துக்கொண்டவர்.

டாக்டர் இளைஞர். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவர் என்று முகமே சொன்னது. "புதுசா இன்ஃபெக்‌ஷன் வந்திருக்கு, வெளியிலிருந்து வந்ததுன்னு சொல்லுங்க. பார்க்க வர்றவங்க தொடுறாங்களான்னு கேளுங்க" என்றார்.

நான் கேட்டேன். "உள்ள போனப்ப அம்மாவத் தொட்டீங்களா?"

சின்னசாமி மகளைப் பார்த்தார். பிறகு என்னை. "மாதேஸ்வரன் மலைத் துண்ணூறுங்க. நெத்தியில வெச்சனுங்க. கண்ணு தொறந்து பாத்தா, கழுத்துலயும் தடவி உட்டேன்."

"கை கழுவினீங்களா?"

"இல்லீங்களே. பஸ்ஸுல வந்த கையோட அப்பிடியே போயிட்டனுங்க."

கலா திரும்பினாள். "நான் சொன்னேன்ல! எதையும் தொடாதப்பா, தொடாதப்பான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல!"

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, எம்பட கையிலிருந்துதானுங்களா வந்துச்சு?"

டாக்டர் அதற்குள் உள்ளே போய்விட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் அப்போது உண்மை. நான் சொன்னது, "அப்படியும் வரலாம்."

அந்த இரண்டு சொற்களை விட எளிதாக நான் வாழ்க்கையில் எதையும் சொன்னதில்லை.

அடுத்த இரண்டு நாள் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. ஊதா மை பார்த்ததால் யாரும் மருந்தை மாற்றவில்லை. கழுத்துக் குழாயையும் எடுக்கவில்லை. இரண்டாவது முறை ரத்தம் அனுப்பினார்கள். புதன்கிழமை மாலை அதிலும் அதே கிருமி வளர்ந்திருந்தது. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு பாட்டில். இனிச் சந்தேகம் இல்லை. போன் பக்கத்திலேயே இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் முதல் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிறகு அதற்கு முந்தைய நான்கைப் பற்றி. காலையில் மறுபடி ஒருமுறை சாயமேற்றிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு சொல்லலாம் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை நான் சாயமேற்றிக்கொண்டிருந்தபோது பழனியம்மாள் இறந்துபோனார்.

அன்று மாலையே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. முதல் பாட்டிலுக்கே மருந்துப் பரிசோதனை செய்து, குழாயை எடுக்கச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. மற்ற நால்வரில் மூன்று பேருக்கு வேறு காரணத்துக்காகக் குழாயை எடுத்தார்கள், அந்த மூவரும் வீட்டுக்குப் போனார்கள். நான்காமவர் முன்பே மிக மோசமான நிலையில் இருந்தவர். அவர் எதனால் இறந்தார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவருடைய தட்டைத்தான் நான் எறிந்துவிட்டேனே.

திங்கட்கிழமை மேடம் வந்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வளையலைக் கழற்றினார், கை கழுவினார். தட்டுகளைப் பார்க்காமல் முதலில் பதிவேட்டை எடுத்தார். கண்ணுக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டி வந்தார். ஐந்து இடத்தில் விரல் நின்றது.

"ஏன்ரீ இது?"

விரலை எடுக்காமலே மேலும் சொன்னார்.

"ஐந்தும் ஒரே கிருமி. ஐந்தும் ஒரே வார்டு. தட்டு எங்கே?"

"கடைசி ஆளோட ரெண்டாவது தட்டு மட்டும் இருக்கு மேடம். மத்தது இல்லை."

அவர் திட்டவில்லை. நான்கு பேருக்கான இடத்தைப் பார்ப்பதுபோல் காலி ரேக்கைப் பார்த்தார். பிறகு, "பஞ்சுக் குச்சி ஒரு கட்டு எடுங்க. போகலாம்" என்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஜெஸி சிஸ்டர் இருந்தார். கோட்டயத்துக்காரர், எல்லோருக்கும் மூத்தவர். மேடம் அவரிடம், ஐந்து பேருக்கும் பொதுவாக என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. "நீங்க கழுத்துக் குழாயில் மருந்து போடுறதை நான் பார்க்கணும். நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கிட்டுச் செய்யுங்க" என்றார்.

ஜெஸி செய்தார். கழுத்துக் குழாயில் மருந்து போடும் முன்னும் பின்னும் அது அடைத்துக்கொள்ளாமல் இருக்கச் சிறிது உப்புநீர் செலுத்த வேண்டும். அதற்குச் சின்னச் சின்னக் குப்பிகள் உண்டு. ஒரு ஆளுக்கு ஒரு முறைக்கு ஒன்று என்று உடைக்க வேண்டும். ஜெஸி அதை உடைக்கவில்லை. சுவரோர ஸ்டாண்டில் அரை லிட்டர் உப்புநீர் பாட்டில் ஒன்று தொங்கியது. அதன் ரப்பர் மூடியில் ஊசி ஒன்று நிரந்தரமாகக் குத்தி விடப்பட்டிருந்தது. சிரிஞ்சை அந்த ஊசியில் பொருத்தி உறிஞ்சினார், எடுத்தார். ஊசி அங்கேயே நின்றது. அடுத்த படுக்கைக்கும் அதே பாட்டில், அதே ஊசி.

"எத்தனை நாளா இந்தப் பழக்கம்?" என்றார் மேடம்.

"எல்லாரும் செய்யுறதுதானே டாக்டர். பன்னண்டு படுக்கை, ரெண்டு சிஸ்டர். குப்பியை உடைச்சிட்டே இருந்தா மருந்து யாரு கொடுக்கும்?" என்றார் ஜெஸி. பிறகு, யாரும் கேட்காமலே, "மருந்து போட்டு அரை மணிக்கூரில் அந்த ராமாபுரத்து அம்மாவுக்கு விறை வரும், குளிர்நடுக்கம். ஒவ்வொரு தடவையும். நான் நோட்டில் எழுதியிருந்தேன்" என்றார்.

அந்தப் பாட்டிலை நானும் ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். என் கண்ணில் அது பட்டதே இல்லை.

மேடம் ஊசியின் வாயில், ரப்பரின் மேல், பாட்டிலின் நீரில், கை கழுவும் தொட்டியில், பஞ்சு டப்பாவில் என்று தனித்தனியாக மாதிரி எடுத்தார். ஒவ்வொரு குச்சியும் எதிலிருந்து எடுத்தது என்று என்னை உரக்கச் சொல்ல வைத்து எழுதினார். புதன்கிழமை தட்டுகளை அடுக்கினேன். ஊசியிலும் பாட்டில் நீரிலும் அதே இளஞ்சிவப்புக் குச்சிக் கிருமி. பழனியம்மாளின் தட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எல்லாப் பரிசோதனையிலும் ஒன்றே.

அன்றைக்கே எல்லாப் பாட்டில்களும் இறக்கப்பட்டன. சின்னக் குப்பிகள் வந்தன. அதன் பிறகு அந்தக் கிருமி வரவில்லை. நிர்வாகம் மேடத்தின் அறிக்கையை வாங்கி, இது உள்விவகாரமாக இருக்கட்டும் என்றது. மேடம் வாதாடினார். முடியவில்லை. என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"பாட்டிலைப் பத்தி நாம வெளியே பேசக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. ஆனா அந்த மனுஷன் தன் கையாலதான் மனைவி போனான்னு நெனச்சுட்டிருக்கார்னு ஜெஸி சொன்னாங்க. அது பொய். அதைச் சொல்ல யாரோட அனுமதியும் வேண்டாம். உங்க பாஷையில நீங்க சொன்னதுதானே. நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க."

"சரி மேடம்" என்றேன்.

சேர்க்கைப் படிவத்தில் எண் இருந்தது. நான் அழைக்கவில்லை. உங்கள் கை இல்லை என்றால், பிறகு எது என்று கேட்பார். பாட்டிலைச் சொல்லக் கூடாது. பாட்டிலைச் சொன்னாலும், அதை ஏன் முன்பே கண்டுபிடிக்கவில்லை என்ற கேள்வி என் சீலில்தான் வந்து நிற்கும். இன்று நாளை என்று தள்ளினேன்.

இரண்டு வாரம் கழித்து மேடம் தட்டுகளைப் பார்த்துவிட்டு, வழக்கமான கேள்விக்குப் பதிலாக, "அவரிடம் சொன்னீங்களா?" என்றார்.

"சொல்லிட்டேன் மேடம்."

"என்ன சொன்னார்?"

"அழுதார்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லது" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றார், சென்ற ஆண்டு காலமானார். நான் சொன்ன பொய்யோடுதான் போனார். சீலை மட்டும் அந்தப் பொய்யைச் சொன்ன அன்றே மேசையிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எறியக் கை வரவில்லை.

புதிய இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்த மறுவாரம் ராமாபுரம் பஸ் ஏறினேன். கொள்ளேகாலத்தில் மாறி, ஹனூர் தாண்டிப் போய் இறங்கி விசாரித்தபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "சோப்புச் சின்னசாமியா? அந்த மஞ்சக் காட்டு ஓரம் போங்க" என்றார்கள். ஏன் அந்தப் பெயர் என்று நான் கேட்கவில்லை.

அவர் வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளச் சிறிது நேரம் ஆனது. தெரிந்ததும் எழுந்துவிட்டார். "வாங்க சார், வாங்க வாங்க. நம்ம பேச்சுல பேசுன சாரு!" என்றார். தண்ணீர் கொண்டுவரப் போனவர், முதலில் குழாயடிக்குப் போனார். அங்கே கயிற்றில் கட்டிய சோப்பு ஒன்று தொங்கியது. முழங்கை வரை நுரைத்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். பிறகு சொம்பை எடுத்தார்.

நான் பார்ப்பதைக் கவனித்து, "ஆசுபத்திரியில சொன்னீங்களே, அன்னையிலிருந்துங்க" என்றார். "காட்டுல கூடக் கழுவிட்டுத்தான் வெதையத் தொடுவனுங்க. சிரிக்கறானுக."

கலாவைப் பற்றிக் கேட்டேன். மைசூரிலேயே கல்யாணமாகி இருக்கிறாள். ஒரு பேத்தி, ஐந்து வயது. "வருசத்துக்கு ஒருக்கா வருவா. அம்மா தெவசத்துக்கு. எங்கையால குடுக்கறத வாங்கமாட்டா. புள்ளையத் தூக்கவும் உடல. தப்பில்லீங்க. அவளுக்குப் பயம் இருக்குமில்ல" என்றார். புகார் சொல்கிற குரல் இல்லை அது. மழை இந்த வருடம் தாமதம் என்பதுபோல் சொன்னார்.

நான் சொன்னேன். பாட்டில், ஊசி, சீல், புதன்கிழமை மாலை, போன் எல்லாம். எழுதிக்கொடுத்ததை மீறிச் சொல்கிறோம் என்ற பயம் அப்போது இல்லை.

நான் முடித்த பிறகு, "அப்ப துண்ணூறு இல்லீங்களா?" என்றார்.

"இல்லை."

"கையி?"

"இல்லைங்க. அஞ்சு பேருக்கு வந்துச்சு. நீங்க தொட்டது ஒருத்தரத்தானே."

அவர் அதை யோசித்தார். உதடு அசைந்தது. மற்ற நால்வரையும் எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

"அம்மா போன ஆறாம் நாள்."

"பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாலயே" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எழுந்து குழாயடிக்குப் போனார். பழக்கத்தில் சோப்பைப் பிடித்தவர், ஒரு கை நுரையோடு அப்படியே நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெகு நேரம் கழித்துத்தான் குழாயை மூடினார்.

திரும்பி வந்து, "எழுதிக் குடுங்க சார்" என்றார். "கன்னடத்துல எழுதுங்க. அவளுக்குத் தமிழு படிக்க வராது. ஆசுபத்திரி சீலு வெச்சுக் குடுங்க. நாஞ் சொன்னா நம்பமாட்டா. சீலு இருந்தா நம்புவா." பிறகு, "மூணரைக்குக் கொள்ளேகாலம் பஸ்ஸு இருக்குதுங்க" என்றார். நான் குடித்த சொம்பை அவர் எடுக்கவில்லை. நானே குழாயடியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். இப்போதைய துறைத் தலைவர் மரியாதையாகவே பேசினார். பழைய விஷயம், நிர்வாகத்தைக் கேட்க வேண்டும், வக்கீலைக் கேட்க வேண்டும், சீல் தர முடியாது என்றார். கன்னடத்தில் நான்கு பக்கம் எழுதி, என் பெயரும் பழைய பதவியும் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பினேன். ஒரு வாரத்தில் சின்னசாமி போன் செய்தார். "சீலு இல்லீங்களே சார். எவரோ கெழவன்கிட்டக் காசு குடுத்து எழுதி வாங்கிட்டு வந்தியாங்கறா."

என் வீட்டில் ஒரே ஒரு சீல்தான் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

ஆகவே இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். இதழ் வந்ததும் ஒரு பிரதியைச் சின்னசாமிக்கு அனுப்புவேன். அவருக்குத் தமிழ் வாசிக்க வரும், கொஞ்சம் எழுத்துக் கூட்டித்தான். அவரே மகளுக்கு வாசித்துக் காட்டட்டும். கடைசியில் வரும் இந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும். ஆய்வக அறிக்கை எழுதும் முறையிலேயே எழுதுகிறேன்.

நோயாளி: பழனியம்மாள், ராமாபுரம். ரத்தத்தில் இருந்த கிருமி உப்புநீர்ப் பாட்டிலிலும் அதன் ஊசியிலும் இருந்தது. கணவர் சின்னசாமியின் கையிலிருந்து யாரும் மாதிரி எடுக்கவில்லை. எடுக்கத் தேவை இருக்கவில்லை. அந்தக் கையில் காரணம் இல்லை. இது எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெரியும்.

தங்கவேல்,
தலைமைத் தொழில்நுட்பர் (ஓய்வு), மைசூர்.